வந்தாரை வாழவைக்கும் வன்னியில் "திரும்பிப் போ" என்று ஒரு குரல்பதிவு

நெத்தலியாற்றான் | செப்டெம்பர் 17, 2025

சென்ற ஞாயிறு காலை எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுவில் லண்டன் காணொளி ஒன்று வந்தது. முதல் நாள் அங்கே நடந்த பேரணி. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் என்று அந்த நாட்டுப் பொலிஸே கணக்குச் சொல்லியிருந்தது. கொடிகளுக்கு நடுவே "அவர்களைத் திருப்பி அனுப்பு" என்ற அட்டைகள். பார்த்தவர்கள் பதறிப்போனார்கள். மகள் ஈஸ்ட்ஹாமில் இரவு வேலை செய்கிறாள், பஸ்ஸில்தான் வீட்டுக்கு வருகிறாள் என்று ஓர் அம்மா குரல் உடைந்து பேசியிருந்தார். வற்றாப்பளை அம்மாளுக்கு நேர்த்தி வைத்தவர்களும் உண்டு.

அன்றிரவு எட்டரை மணிக்கு அதே குழுவில் இன்னொரு குரல்பதிவு. இது உள்ளூர்ச் சரக்கு. மே மாதத் தேர்தலில் எங்கள் பிரதேச சபைக்குத் தெரிவான பெண் உறுப்பினர் ஒருவரைப் பற்றியது. பெயரும் சபையும் இங்கே வேண்டாம். அவருடைய தகப்பன் 1977 கலவரத்தில் மலையகத்திலிருந்து ஒரு துணிமூட்டையோடு வந்தவர். மகள் பிறந்தது, படித்தது, இடம்பெயர்ந்தது, மெனிக் பாம் முகாமில் வரிசையில் நின்றது எல்லாம் எங்களோடுதான். சபைக் கூட்டத்தில் அவர் கேட்டது இரண்டே விடயம். தன் கிராமத்துக்குக் குடிநீர் பவுசர் ஏன் கிழமைக்கு ஒருமுறைதான் வருகிறது? நாற்பது வருடத்துக்கு மேல் குடியிருக்கும் காணிக்கு ஏன் இன்னும் பெர்மிட் இல்லை?

குரல்பதிவில் இருந்ததை முழுக்க எழுத மாட்டேன். வரத்தான்களுக்கு, அதாவது வந்தேறிகளுக்கு, வாய் நீண்டுவிட்டது, தோட்டத்துக்கே திரும்பிப் போகட்டும் என்று தொடங்கி, கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒரு வரி: "வாய்க்கால் வீதியால் ஸ்கூட்டியில் தனியாகத்தானே போகிறாள்."

குழுவில் 180 பேர். இரண்டு பேர் கட்டைவிரல் அடையாளம் போட்டார்கள். மீதிப் பேர் கள்ள மௌனம். காலையில் லண்டன் பிள்ளைகளுக்காக அழுதவர்களும் அதில் அடக்கம். நானும்தான். மறுநாள் மத்தியானம்வரை அதைக் கேட்டுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தேன்.

என்ன செய்யலாம் என்று கேட்கத்தான் இந்த இழை.

---

லாண்ட்மாஸ்டர் | செப்டெம்பர் 17

அண்ணா, இது கட்சிச் சண்டை. எவனோ ஒருவன் இரண்டு போத்தல் உள்ளே போனபிறகு உளறியிருக்கிறான். வெள்ளைக்கார நாட்டில் பாராளுமன்ற உறுப்பினரைக் குத்திக் கொல்வதும் இதுவும் ஒன்றா? பெரிதுபடுத்தினால் ஊர்தான் நாறும்.

---

பனிக்காடு | செப்டெம்பர் 17

தம்பி லாண்ட்மாஸ்டர், நான் இருப்பது நோர்வேயில். இங்கே 2011 யூலை 22 அன்று ஒஸ்லோவில் குண்டு வைத்துவிட்டு ஊத்தோயா தீவுக்குப் போனவன், அதற்கு முன் செய்ததெல்லாம் உளறல்தான். பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தான். குடியேறியவர்களால் நாடு அழிகிறது, அவர்களை உள்ளே விட்ட கட்சிதான் துரோகி என்பதுதான் சாரம். அன்று செத்தவர்கள் 77 பேர். அதில் 69 பேர் அந்தத் தீவில், தொழிற்கட்சியின் இளைஞர் முகாமில் இருந்தவர்கள், பெரும்பாலும் பிள்ளைகள்.

தீவிலிருந்து தண்ணீரில் குதித்து நீந்தித் தப்பியவர்களில் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒரு பெண்ணும் இருந்தார். ஹம்சாயினி குணரத்தினம். மூன்று வயதில் அகதியாக இங்கே வந்தவர். பயந்து வீட்டில் இருக்கவில்லை. 2015இல் ஒஸ்லோவின் துணை மேயர், 2021இல் பாராளுமன்ற உறுப்பினர். அவர் படம் எங்கள் ஊர்ச் சலூன்களில்கூடத் தொங்குகிறது. அந்தப் பெருமை நியாயமானதுதான். ஆனால் அவரைச் சுடப்போனவன் சொன்ன வசனத்தைத்தானே உங்கள் ஊர் குரல்பதிவும் சொல்கிறது? "வந்தவள், எங்கள் சபையில் என்ன பேச்சு?"

---

ரைன் கரை | செப்டெம்பர் 17

ஜேர்மனியில் காசல் மாவட்டத் தலைவராக இருந்தவர் வால்டர் லூப்கே. மேர்க்கலின் கட்சிக்காரர், இடதுசாரியும் இல்லை. 2015 ஒக்டோபரில் அகதிகளுக்கு இடம் ஒதுக்குவது பற்றிய ஊர்க்கூட்டத்தில் சிலர் கூச்சல் போட்டார்கள். இந்த நாட்டின் விழுமியங்கள் பிடிக்காதவர் நாட்டைவிட்டுப் போகலாம், அது ஒவ்வொரு ஜேர்மானியனின் சுதந்திரம் என்று சொன்னார். அந்தத் துண்டுக் காணொளி வருடக்கணக்காகச் சுற்றியது. அதற்குக் கீழே எத்தனையோ மிரட்டல். 2019 யூன் 1ஆம் திகதி இரவு, தன் வீட்டு விறாந்தையில் இருந்தவரைத் தலையில் சுட்டான் ஒருவன். சுட்டவன் 2015 கூட்டத்துக்கும் போயிருந்தவன்.

மூன்றரை வருடத்துக்கு மேல் அது "உளறல்" என்ற கணக்கில்தான் இருந்தது.

---

கடைக்காரன் | செப்டெம்பர் 18

இங்கிலாந்தின் வடபகுதியில் சிறிய கடை ஒன்று நடத்துகிறேன். சொந்த ஊர் புளியம்பொக்கணை.

2024 யூலை 29இல் சவுத்போர்ட்டில் மூன்று சின்னப் பெண்பிள்ளைகளைக் குத்திக் கொன்றான் ஒருவன். சில மணி நேரத்துக்குள் ஒரு பொய்ப் பெயர் இணையத்தில் ஓடியது: படகில் வந்த அகதி என்று. அவன் பிறந்தது கார்டிஃபில். ஆனால் உண்மை செருப்பைத் தேடுவதற்குள் பொய் பள்ளிவாசல் வாசலுக்குப் போய்விட்டது. ஓகஸ்ட் 4 அன்று ரொதரம் பக்கத்தில் அகதிகள் தங்கியிருந்த ஹோட்டலுக்கு, ஆட்கள் உள்ளே இருக்கும்போதே, தீ வைக்கப் பார்த்தார்கள்.

அந்தக் கிழமை நான் கடையை நான்கு மணிக்கே இழுத்து மூடினேன். ஷட்டரை இறக்கும்போது 83 யூலை பற்றி அப்பா சொன்ன கதைகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. அப்பா கொட்டாஞ்சேனையில் ஒரு கடையில் கணக்கெழுதியவர்.

ஆனால் சொல்ல வந்தது அது இல்லை. புதன்கிழமை, ஓகஸ்ட் 7, குடிவரவு வழக்கறிஞர்களின் அலுவலகங்களைத் தாக்கப்போகிறோம் என்று ஒரு பட்டியல் சுற்றியது. எல்லோரும் பலகை அடித்து மூடினார்கள். மாலையில் வோல்தம்ஸ்ரோ வீதியை நிறைத்தது வேறு கூட்டம். எதிர்த்து நிற்க வந்தவர்கள், ஆயிரக்கணக்கில். பிரைட்டன், லிவர்பூல், நியூகாசில், எங்கும் அப்படித்தான். தாக்க வருவதாகச் சொன்னவர்கள் பல இடங்களில் தலைகாட்டவே இல்லை. எங்கள் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி மறுநாள் கடைக்கு வந்து பால் வாங்கிவிட்டு, தேவையே இல்லாமல் அரை மணி நேரம் கதவடியில் நின்று பேசிக்கொண்டிருந்தார். ஏன் நின்றார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

ஜோ கொக்ஸ் கொல்லப்பட்ட ஊரும் எனக்குத் தூரம் இல்லை. 2016 யூன் 16, ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகுவதா என்ற வாக்கெடுப்புக்கு ஒரு கிழமை முன். அகதிகளுக்காகப் பேசிய பாராளுமன்ற உறுப்பினர், மக்களைச் சந்திக்க நூலகத்துக்கு வந்த இடத்தில். பக்கத்தில் காரில் இருந்த 77 வயது முன்னாள் சுரங்கத் தொழிலாளி ஒருவர் ஓடிப்போய்த் தடுத்து வயிற்றில் குத்து வாங்கினார். எழுபத்தேழு வயது! உங்கள் குழுவில் 180 பேர் என்றீர்கள்.

---

லண்டன் வன்னியன் | செப்டெம்பர் 18

எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்து எழுதுகிறீர்கள். முப்பது வருடம் வரி கட்டியவன் நான். பெற்றோல் செட்டில் இரவு வேலை செய்து பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் அனுப்பினேன். இப்போது படகில் வருகிறவர்களுக்கு ஹோட்டல், சாப்பாடு. கேள்வி கேட்டால் தீவிரவாதியா? அடுத்த முறை, குடியேற்றத்தை எதிர்க்கும் ரிஃபோர்ம் கட்சிக்குத்தான் என் வாக்கு. கொலை மிரட்டலை நான் ஆதரிக்கவில்லை. அது வேறு, இது வேறு.

---

கரைவலை | செப்டெம்பர் 18

அண்ணா, நீங்கள் எந்தப் பாஸ்போட்டில் போனீர்கள் என்று கேட்க மாட்டேன். எனக்குத் தெரியும், ஏனென்றால் உங்கள் வயதுக்காரர் ஆறு பேரை ஏஜென்சிக்காரனிடம் கூட்டிப்போனவர் என் சித்தப்பா.

---

பத்தாம் வாய்க்கால் | செப்டெம்பர் 18

தம்பி கரைவலை, இப்படிக் குத்திப் பேசினால் அவர் இழையைவிட்டே போய்விடுவார். இருக்கட்டும், பேசட்டும்.

லண்டன் வன்னியன், வருகிறவர் தொகையைப் பற்றி, செலவைப் பற்றிப் பேசுவது அரசியல். அதை மறுக்க முடியாது. ஆனால் "சட்டப்படி வந்த நாங்கள், கள்ளமாக வந்த அவர்கள்" என்ற கோடு எங்கள் கையால் கீறக்கூடிய கோடு இல்லை. 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரைக் கனடா மீனவர்கள் கரைசேர்த்தார்கள். இந்தியாவிலிருந்து வந்தோம் என்று நம்மவர்கள் சொன்னார்கள். உண்மையில் கப்பல் ஏறியது ஜேர்மனியில். பொய் வெளிப்பட்டதும் பத்திரிகைகள் கிழித்தன. 1987 பெப்ரவரியில் ஹீத்ரோ விமானநிலையத்தில் நாடுகடத்த முற்பட்டபோது ஐம்பதுக்கும் மேற்பட்ட நம் இளைஞர்கள் உடுப்பைக் களைந்து தார்த்தரையில் நின்றார்கள். அந்த வருடமே, சரியான ஆவணம் இல்லாதவர்களை ஏற்றிவரும் விமான நிறுவனங்களுக்குத் தண்டம் விதிக்கும் சட்டத்தை பிரித்தானியா கொண்டுவந்தது. 2010இல் 492 பேரோடு சன் சீ கப்பல் கனடாவுக்குப் போனபோது வானொலியில் என்னென்ன பேசினார்கள் என்று ஸ்கார்பரோ உறவினரிடம் கேட்டுப் பாருங்கள்.

வரிசையில் கடைசியாக நிற்கிறவன் எப்போதும் கள்ளன்தான். முந்தி நாங்கள் நின்றோம்.

---

தண்ணீரூற்று | செப்டெம்பர் 19

நான் முல்லைத்தீவு முஸ்லிம். பெயரைப் பார்த்துவிட்டு யாரும் ஊகிக்க வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன்.

1990 ஒக்டோபரில் எனக்கு ஒன்பது வயது. வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் போக வேண்டும் என்று புலிகள் சொன்னார்கள். ஏறத்தாழ 75,000 பேர். உம்மா அரிசிப் பானையை அடுப்பில் வைத்திருந்தார். அந்தப் பானை என்ன ஆனது என்று சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். புத்தளத்தில் இருபது வருடம். அங்கே எங்களுக்கு "அகதி" என்று பெயர், பள்ளிக்கூடத்தில், குழாயடியில், கலியாணப் பேச்சில்.

போர் முடிந்து திரும்பி வந்து வாப்பாவின் காணியில் பற்றை வெட்டத் தொடங்கினோம். அப்போது ஒரு கூட்டத்தில் கேட்ட சொல்: "குடியேற வந்துவிட்டார்கள்." எங்கள் மூத்தப்பா வெட்டிய கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டே அதைக் கேட்டேன்.

நெத்தலியாற்றான் அண்ணா, உங்கள் உறுப்பினரிடம் சொல்லுங்கள், நீராவிப்பிட்டியில் ஒரு குடும்பம் அவருக்காக துஆக் கேட்கிறது என்று. இதைத் தவிர இப்போதைக்கு எழுத முடியவில்லை.

---

லாண்ட்மாஸ்டர் | செப்டெம்பர் 19

சரி, எல்லோரும் என்மேல் ஏறிவிட்டீர்கள். ஒரு கேள்வி கேட்கிறேன், நேரே பதில் சொல்லுங்கள். சிங்களக் குடியேற்றம் நடந்த மணலாற்றைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்? விகாரை கட்டிய குருந்தூர்மலையைப் பற்றி? அங்கே ஆட்களைக் கொண்டுவந்து இருத்துவதை எதிர்த்தால் நாங்களும் அந்த லண்டன் கூட்டம்போல இனவாதிகளா? வந்தவர் எல்லோரும் வாழட்டும் என்றால் வெலிஓயாவுக்கும் வாழ்த்துப்பா பாட வேண்டியதுதானே!

---

பத்தாம் வாய்க்கால் | செப்டெம்பர் 20

இந்தக் கேள்வியை யாராவது கேட்பார்கள் என்று இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாக எழுதுவேன், ஓய்வுபெற்ற வாத்தியாரைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் "வரத்தான்" யார் என்று பார்ப்போம். நான் உருத்திரபுரத்தான். என் தகப்பன் வலிகாமத்தில் புகையிலைத் தோட்டத்துக்குக் காணி போதாமல் இரணைமடுக் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்தவர். ஆனையிறவுக்கு இப்பால் வந்து காடு வெட்டி, மலேரியாவில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்து, வாய்க்காலுக்கு இலக்கம் போட்ட ஊரில் குடியிருந்தார். விசுவமடுவும் முத்தையன்கட்டும் படித்த வாலிபர் திட்டத்தில் வந்தவர்களால் செழித்த ஊர்கள். கிளிநொச்சி தனி மாவட்டமானதே 1984இல். பழைய வன்னிக் குடிகள் எங்களையெல்லாம் வரத்தான் என்று சொல்லியிருந்தால் அவர்களுக்கு உரிமை இருந்தது. அவர்கள் சொன்னார்களா? சொன்னவர்களும் இருந்தார்கள். ஆனால் எங்களுக்கு விதைநெல் தந்ததும் அவர்கள்தான்.

அடுத்தது மலையகத்தார். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு லட்சம் பேரை ஒரே வீச்சில் நாடற்றவர்கள் ஆக்கியது. செல்வநாயகம் பிரிந்துபோய் 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதற்கு அது முக்கிய காரணம். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள்: ஐந்தே கால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இங்கே, மிச்சத்தைப் பிறகு பார்ப்போம். ஆடுமாடு பங்கு பிரித்ததுபோல. இன்று ஐரோப்பாவில் "திருப்பி அனுப்புவோம்" என்று புதுக் கண்டுபிடிப்புப்போலச் சொல்கிறார்களே, இந்தத் தீவில் அதை இரண்டு பிரதமர்கள் கையெழுத்திட்டே செய்தார்கள்.

58இலும் 77இலும் 83இலும் கலவரத்தில் அடிபட்டவர்கள் வன்னிக்கு வந்தார்கள். வவுனியாவில் காந்தியம் அமைப்பு பலரைக் குடியமர்த்தியது. அதை நடத்திய டொக்டர் இராஜசுந்தரம் 1983 ஏப்ரலில் கைதாகி, யூலை 27 அன்று வெலிக்கடைச் சிறையில் அடித்துக் கொல்லப்பட்டார்.

இப்போது மணலாறு. டொலர் பாம், கென்ட் பாம் என்ற பண்ணைகளில் முதலில் இருந்தவர்கள் யார்? இதே மலையக அகதிகள். 1984இல் அவர்களைத்தான் முதலில் விரட்டினார்கள். அந்த இடத்தில் அரசு சிங்களக் கைதிகளைக் குடும்பங்களோடு கொண்டுவந்து இருத்தியது. நவம்பர் 30 அன்று அங்கே கொல்லப்பட்டவர்களில் பெண்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். அதையும் சொல்லாமல் மணலாற்றுக் கதையைச் சொல்வது நேர்மை இல்லை. டிசெம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணிச் சனங்களை எழுப்பிவிட்டார்கள். 1988இல் மணலாறு வெலிஓயா ஆனது.

ஆக, நாங்கள் எதிர்ப்பது என்ன? இருந்தவனை ஆயுதத்தால் எழுப்பிவிட்டு, வரைபடத்தில் பெயரை மாற்றி, தேர்தல் தொகுதியின் எண்ணிக்கையைத் திருப்ப அரசு நடத்தும் காரியத்தை. எதிராளி அரசு. அங்கே குச்சுவீட்டில் இருத்தப்பட்ட பொலன்னறுவைக் கூலிக்காரன் இல்லை. உங்கள் குரல்பதிவில் அரசு எங்கே இருக்கிறது? தண்ணீர் கேட்ட ஒரு பெண்தான் இருக்கிறாள். பின்னால் இராணுவமும் இல்லை, அமைச்சும் இல்லை. ஒரு பழைய ஸ்கூட்டி இருக்கிறது.

குருந்தூர்மலையை இழுத்தீர்கள். அந்த வழக்கைக் கேட்ட முல்லைத்தீவு மாவட்ட நீதிபதி சரவணராஜா 2023 செப்டெம்பரில் உயிரச்சுறுத்தல் என்று எழுதிவைத்துவிட்டுப் பதவியையும் நாட்டையும் விட்டுப் போனார். அப்போது முல்லைத்தீவில் மனிதச்சங்கிலி பிடித்தோம். நீங்களும் உங்கள் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஆட்களை ஏற்றிவந்ததாக ஞாபகம். நீதிபதிக்கு ஒரு நியாயம், பவுசர் கேட்டவளுக்கு இன்னொன்றா? தனக்குத் தனக்கென்றால் சுளகு படக்குப் படக்கென்னுமாம்.

---

கனகராயன்குளத்தான் | செப்டெம்பர் 20

"வெள்ளைக்கார நாட்டில் நடப்பது" என்று லாண்ட்மாஸ்டர் எழுதியது மனதில் உறுத்துகிறது. 2008 மார்ச் 6 அன்று பாராளுமன்ற உறுப்பினர் சிவநேசன் கொழும்பிலிருந்து திரும்பிவரும்போது எங்கள் ஊர் ஏ-9 வீதியில்தான் கிளைமோர் கண்ணிவெடியில் கொல்லப்பட்டார். அந்தச் சத்தம் எங்கள் வீட்டுக் கோடிவரை கேட்டது. ரவிராஜ் 2006 நவம்பர் 10. ஜோசப் பரராஜசிங்கம் 2005 நத்தார் ஆராதனையில். மகேஸ்வரன் 2008 வருடப் பிறப்பன்று கோயிலுக்குள். முன்னுக்குப் போனால் சரோஜினி யோகேஸ்வரன், நீலன், அமிர்தலிங்கம், துரையப்பா. எத்தனை பேரைப் பற்றி முதல் நாள் யாரோ "துரோகி" என்று சுவரில் எழுதினார்கள் என்பதையும் யோசித்துப் பார்க்க வேண்டும்.

---

நெறியாளர் | செப்டெம்பர் 20

மேலே உள்ள பட்டியலில் யாரை யார் கொன்றது என்று தொடங்கிய ஒன்பது பின்னூட்டங்களை நீக்கியிருக்கிறேன். அந்த வழக்கு இந்த இழையில் தீராது. நெத்தலியாற்றான் கேட்டது "என்ன செய்யலாம்". அதற்குப் பதில் எழுதுங்கள்.

---

கரைவலை | செப்டெம்பர் 20

பதில் இல்லை, ஒரு சம்பவம். 2024 டிசெம்பர் 19 காலை முள்ளிவாய்க்கால் கரைக்கு எதிரே ஒரு படகு. நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள். வயிற்றுப்பிள்ளைக்காரிகள், கைக்குழந்தைகள். மொழி விளங்கவில்லை, பசி விளங்கியது. வீட்டில் இருந்ததைக் கட்டிக்கொண்டு போனார்கள் ஊர்ச் சனம். எந்தக் கரை அது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2009இல் ஒரு பிடி அரிசிக்கு மண்ணில் ஊர்ந்த கரை.

பிறகு அவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டுபோய், திரும்ப எங்கள் கேப்பாப்பிலவு விமானப்படை முகாமில் வைத்தார்கள். ஆட்கடத்தல், திருப்பி அனுப்புவது பற்றி யோசிக்கிறோம் என்று அரசு தரப்பில் பேச்சு வந்தபோது, அனுப்பாதே என்று முல்லைத்தீவில் நின்ற கூட்டத்தில் நானும் நின்றேன். மழை.

ஆனால் அதே நாட்களில் என் சொந்த மச்சான் கேட்டான்: "இவர்களை இங்கேயே குடியேற்றினால் கரைவலைப் பாட்டில், வலை இழுக்கும் கரையில், பங்கு கேட்பார்களே?" அவன் கெட்டவன் இல்லை, முதல் நாள் தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோனவர்களில் அவனும் ஒருவன். அந்தக் கேள்வியைக் கேட்டதும் ஆளைத் திட்டாமல், பாடு எப்படிப் பதியப்படுகிறது, சங்கத்தில் யார் பெயர் இருக்கிறது என்று உட்கார்ந்து விளக்கினேன். அரை மணி நேரம். அடங்கினான். பயம் உள்ளவனும் பயத்தை விற்கிறவனும் வேறு வேறு ஆட்கள் என்று நினைக்கிறேன்.

2019இல் நீர்கொழும்பில் வீடுவீடாக விரட்டப்பட்ட பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் அகதிகளில் கொஞ்சப் பேரை வவுனியா பூந்தோட்டத்துக்குக் கொண்டுவந்தபோது எழுந்த எதிர்ப்பையும் மறக்கவில்லை. வந்தாரை வாழவைக்கும் வன்னி என்று வளைவில் எழுதுவது சுகம்.

---

பாலைப்பழம் | செப்டெம்பர் 21

நான் அந்த உறுப்பினரின் ஊர்க்காரி. மூன்று நாளாக எல்லாவற்றையும் வாசித்தேன்.

நோர்வே, ஜேர்மனி எல்லாம் சரி. எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். பெர்மிட் இல்லையென்றால் வங்கிக் கடன் இல்லை. போருக்குப் பிறகு வீட்டுத்திட்டம் வந்தபோது காணிப் பத்திரம் கேட்டார்கள், எங்கள் அம்மாவிடம் இருந்தது பழைய பங்கீட்டு அட்டையும் ஒரு தண்ணீர்ப் பற்றுச்சீட்டும். உங்கள் வயலில் நாற்று நட, களை பிடுங்க, நெல் அருவி வெட்ட நாங்கள் வேண்டும். கோயில் திருவிழாவில் உபயம் கேட்டால் "அவையள் எல்லாம் வேறு". பள்ளிக்கூடத்தில் என்னை ஒரு ரீச்சர் கூப்பிட்ட சொல்லை இங்கே எழுதினால் நெறியாளர் நீக்கிவிடுவார்.

அக்காவுக்கு அனுதாபம் தேவையில்லை. அவருக்குத் தேவை மூன்று விடயம். பொலிஸுக்குப் போகும்போது கூட வர ஆட்கள், முக்கியமாக எங்கள் ஊர் இல்லாத ஆட்கள். அந்தக் குழுவில் இருந்து குரல்பதிவைக் கேட்டதாகக் கையெழுத்துப் போட ஒருவர். சபைக் கூட்டம் முடிந்து இருட்டுகிற நாட்களில் வாய்க்கால் வீதிவரை ஒரு துணை. உங்கள் அறிவுரைப்படி "வேறு பாதையால் போ" என்று அவரிடம் சொல்ல வேண்டாம். வேறு பாதை ஏழு கிலோமீற்றர் சுற்று.

---

கறுப்புக் கோட்டு | செப்டெம்பர் 21

தொழில்முறையில் சில வார்த்தை.

குரல்பதிவை அழிக்க வேண்டாம், வேறு குழுக்களுக்குப் பரப்பவும் வேண்டாம். அனுப்பிய இலக்கம், திகதி, நேரம் தெரியும்படி திரையைப் படமெடுத்து வையுங்கள். தண்டனைச் சட்டக்கோவையில் குற்றமுறையான அச்சுறுத்தல் 483ஆம் பிரிவு, தண்டனை 486ஆம் பிரிவு. ஸ்கூட்டி பற்றிய வரிதான் இங்கே எலும்பு. முறைப்பாட்டைத் தமிழில் எழுதிக் கொடுங்கள், பதிவு இலக்கத்தை வாங்காமல் வெளியே வராதீர்கள். இழுத்தடித்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியா அலுவலகம் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. வெறுப்புப் பேச்சு என்று சொல்லிப் பெரிய பெரிய சட்டங்களை இழுக்கச் சொல்லி யாராவது உசுப்பினால் கேட்காதீர்கள். குடிசார், அரசியல் உரிமைகள் பற்றிய 2007ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கைச் சட்டத்தின் கீழ் சிறுகதை எழுதிய ஒரு சிங்கள எழுத்தாளரை 2019இல் உள்ளே வைத்தார்கள். கவிதை எழுதிய மன்னார்ப் பிள்ளை அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் போய் ஒன்றரை வருடத்துக்கு மேல் இருந்தார். அந்தக் கத்திகள் எந்தப் பக்கம் திரும்பும் என்பது நமக்குத் தெரியும். சாதாரணச் சட்டம், சாதாரண முறைப்பாடு. அதுவே போதும்.

---

லண்டன் வன்னியன் | செப்டெம்பர் 23

நேற்று ரிஃபோர்ம் அறிவித்ததைப் பார்த்தீர்களா? நிரந்தர வதிவிட அனுமதியையே நீக்குவார்களாம். என் மனைவியின் தங்கை அந்த அனுமதியில்தான் இருக்கிறார். பன்னிரண்டு வருடமாக முதியோர் இல்லத்தில் வேலை.

ஒன்றும் சொல்ல வரவில்லை. வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

---

நெத்தலியாற்றான் | செப்டெம்பர் 25

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

திங்கள் இரவு குழுவில் ஒரு வரி எழுதினேன்: "14ஆம் திகதி ஞாயிறு வந்த குரல்பதிவைக் கேட்டேன். அது மிரட்டல். நான் சாட்சி." எழுதி முடித்து அனுப்ப இருபது நிமிடம் எடுத்தது. பதினொரு பேர் குழுவைவிட்டு வெளியேறினார்கள். ஒருவர் தனியாக அழைத்து, உனக்கு என்ன அவளிடம் என்று கேட்டார். என் மனைவி பக்கத்தில் இருந்ததால் அந்தக் கேள்விக்கு அவரே பதில் சொன்னார். அதை இங்கே எழுத முடியாது.

செவ்வாய் காலை பொலிஸுக்குப் போனோம். அவரோடு ஐந்து பேர் வருவார்கள் என்று நினைத்தேன், பதினாறு பேர். நீராவிப்பிட்டியிலிருந்து ஒரு ஓட்டோ வந்திருந்தது. முறைப்பாட்டை எடுத்தவர் முதலில் "அம்மா, அரசியல் என்றால் இப்படித்தான்" என்றார். பதினாறு பேரும் வாங்கில் இருந்து எழும்பவில்லை. இரண்டரை மணி நேரத்தில் இலக்கம் கிடைத்தது.

குரலுக்குச் சொந்தக்காரன் இருபத்திரண்டு வயதுப் பொடியன். யாரோ பேசச் சொல்லிப் பேசியிருக்கிறான் போலத் தெரிகிறது. யார் என்று எனக்கு ஊகம் உண்டு, எழுத மாட்டேன். அவனுடைய தாய் கச்சேரிச் சந்தியில் என்னைக் கண்டு அழுதார். அவருடைய மற்ற மகன் பிரான்சில், வழக்கு நிராகரிக்கப்பட்டு விசா இல்லாமல் இருக்கிறானாம்.

அடுத்த சபைக் கூட்டம் ஒக்டோபர் முதல் கிழமை. முடிய ஆறு மணியாகும். பார்வையாளர் வாங்கில் இருக்க எட்டுப் பேர் பெயர் தந்திருக்கிறார்கள். ஈஸ்ட்ஹாம் மகளின் அம்மாவும் பெயர் தந்திருக்கிறார், அவருக்கு முழங்கால் ஏலாது, கதிரை ஒன்று கொண்டுபோக வேண்டும்.

---

லாண்ட்மாஸ்டர் | செப்டெம்பர் 25

வாத்தியார் சொன்ன மணலாற்று விளக்கத்தில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லாத இடம் இருக்கிறது. அதற்குத் தனி இழை தொடங்குவேன். ஸ்கூட்டிக் கதை சரியில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன்.

கதிரை என்ன கதிரை? அம்மாவை எத்தனை மணிக்கு, எந்தச் சந்தியில் ஏற்ற வேண்டும் என்று சொல்லுங்கள்.